குடைப் பாவாடைக்கு ஒரு கணக்கு

பிப்ரவரி 9

பெரிய தொட்டிக்காரருக்கு,

சமாதானம் பேச இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையைப் பார்த்ததும் "பாத்தியா, அவளே இறங்கி வந்துட்டா" என்று கம்பெனி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரரிடம் பீற்றிக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு கணக்கு வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே கணக்குப் புலி நீங்கள்தான், என் தலையெழுத்து.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. "இனிமே எழுது, எழுதினா குறுக்கே பேச முடியாது" என்று சொன்னதும் நீங்கள்தான். சரி, எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஒரு வாடிக்கைக்காரி குடைப் பாவாடை கேட்கிறாள். சுற்றினால் முழு வட்டமாக விரிய வேண்டுமாம். துணியை நாலாக மடித்து, மூலையில் இடுப்புக்கு ஒரு வளைவு, கீழே ஓரத்துக்கு ஒரு வளைவு. எனக்குக் கைவந்தது சட்டை, பள்ளிக்கூட யூனிபார்ம், ஜன்னல் திரை. எல்லாம் நேர்கோடு. இவளுக்கு இடுப்பு முப்பது இஞ்ச். மூலையிலிருந்து எத்தனை இஞ்ச்சில் அந்த வளைவை வரைவது? மார்க்கெட் தையல்கடைக்காரரைக் கேட்டேன். "ஆறால வகுத்துக்கோம்மா, நாங்க எல்லாம் அப்படித்தான்" என்றார். ஐந்து வந்தது. பழைய போர்வையில் வெட்டிப் பார்த்தால் ஒன்றரை இஞ்ச் லூசு. இடுப்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது.

வீட்டில் எல்லாம் இருந்தது இருந்தபடி. மூன்று வருடமாக நீங்கள் "ஞாயித்துக்கிழமை சரி பண்றேன்" என்று சொல்லும் அலமாரிக் கதவு இன்னும் தானாகத் திறந்துகொள்கிறது. அதில் உள்ள கண்ணாடியில் நாள் முழுக்க என் மூஞ்சியை நானே பார்த்துக்கொண்டு மிஷின் மிதிக்கிறேன். அத்தை சௌக்கியம். "என் பையனுக்குத்தானே எழுதற, சாப்பிடறானான்னு கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று, "இங்க யாருக்காக வர்றது?" என்று கேட்டீர்கள். அது இன்னும் வாசலிலேயே கிடக்கிறது. "நான் கூப்பிடற வரைக்கும் வராதீங்க" என்று நான் சொன்னதும் அப்படியே இருக்கிறது. கணக்கை மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணக்கு வராதவள்


பிப்ரவரி 20

என் தையல்காரிக்கு,

பீற்றிக்கொண்டாகிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர் உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

உன் கடைக்காரர் சொன்ன ஆறு, நாங்கள் கண் அளவுக்குச் சொல்லும் ஆறு. சரியான எண் ஆறேகாலும் மேலே ஒரு துளியும். ஆறு புள்ளி இரண்டு எட்டு. எந்த வட்டமானாலும் சரி, வளையலோ, நாங்கள் இங்கே கட்டும் எண்ணெய்த் தொட்டியோ, சுற்றளவை இந்த எண்ணால் வகுத்தால் ஆரம். முப்பதை வகுத்தால் நாலே முக்கால் என்று வைத்துக்கொள். ஐந்து என்று வெட்டியதால்தான் சுற்று முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டது. தையலுக்கு விடும் அரை இஞ்ச்சையும் மறக்காதே. அதை நாலே முக்காலில் கழித்து நாலேகாலில் வெட்டு. துணியைக் கூட்டி வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. தகடும் அப்படித்தான்.

என் வேலையும் ஏறக்குறைய உன் வேலைதான். நீ துணியில் சாக்பீஸால் கோடு போடுகிறாய், நான் இரும்புத் தகட்டில். நான் போட்ட கோட்டில் வேறொருவன் நெருப்பால் வெட்டுகிறான். இவ்வளவுதான் வித்தியாசம். உச்சி வெயிலில் தகட்டின் மேல் உட்கார்ந்தால் கால்சட்டை வெந்துபோகிறது. ஒரு நல்ல தையல்காரி பக்கத்தில் இருந்தால் தேவலை.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் உயரத்தை அளந்துகொள். எல்லாருக்கும் உடம்பு சமமாக இருக்காது. நீயே உன் பாவாடைகளுக்கு வலது பக்கம் அரை இஞ்ச் கூட விடுகிறாயே. கல்யாணமான புதிதில் உன்னைச் சைக்கிளில் உட்கார வைத்துச் சாக்கடையில் தள்ளிய புண்ணியவான் நான். அன்றிலிருந்து உன் வலது இடுப்பு கொஞ்சம் தூக்கல். வாய் அதற்கு முன்பே தூக்கல்.

ஒரு விஷயம். கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன சொல்கிறாய்?

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

உன் தொட்டிக்காரன்


மார்ச் 14

தொட்டிக்காரருக்கு,

நாலேகாலில் வெட்டினேன். இடுப்பில் அட்டை மாதிரி நின்றது. வாடிக்கைக்காரி கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அத்தை "போதும்டி, தலை சுத்தும்" என்று அதட்டினார். அதட்டியது அவளை.

அவளைச் சுற்ற விடாததற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு நாலாவது மாதம். வெளியே யாருக்கும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இப்போது தளர்வாக ஒரு கவுன் கேட்கிறாள். மாதத்துக்கு மாதம் உடம்பு மாறும், ஒவ்வொரு தடவையும் நிற்க வைத்துப் பிடித்துப் பார்க்க முடியாது. அதனால் நம் தையல் பொம்மைக்கு, அதுதான் தலையும் கையும் இல்லாமல் மூலையில் நிற்கிறதே, அதற்கு முன்னால் பஞ்சு வைத்துக் கட்டி அவள் உடம்பு மாதிரி ஆக்கிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். அந்த வளைவுக்கு ஓர் அட்டை வெட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இது வட்டம் இல்லை. முதுகுப் பக்கம் தட்டை, முன்பக்கம் மட்டும் வளைவு. சுற்றளவை உங்கள் எண்ணால் வகுத்தால் ஏதோ ஓர் ஆரம் வருகிறது, அது முன்னுக்கும் பொருந்தவில்லை, பின்னுக்கும் பொருந்தவில்லை. முழு வட்டமே இல்லாததற்கு ஆரம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கையெழுத்து விஷயம். நான் என்ன சொல்ல? போகும்போது என்னைக் கேட்டா போனீர்கள்? உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ செய்யுங்கள். அவள் புருஷனும் வெளியூரில்தான் வேலை பார்க்கிறான். அவளும் இதையேதான் சொல்கிறாள்.

என் வாய் தூக்கலா? இருக்கட்டும், வரும்போது பேசிக்கொள்கிறேன். வந்தால்.

கணக்கு வராதவள்


மார்ச் 30

என் வாயாடிக்கு,

போன வாரம் இதே சிக்கல் எனக்கும் வந்தது. பழைய தொட்டி ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டுத் தகட்டைக் கொண்டுவந்து போட்டு, "இது எவ்ளோ பெரிய தொட்டியிலேர்ந்து வந்தது? இதே வளைவுல புதுசு ஒண்ணு வேணும்" என்றார் ஃபோர்மேன். மையமும் இல்லை, முழுச் சுற்றும் இல்லை. ஆனால் ஒரு துண்டு வளைவு போதும், மையம் எங்கே இருந்தது என்று அது சொல்லிவிடும்.

செய்முறை கேள். நேரான மரப்பட்டை ஒன்றை அவள் வயிற்றின் உச்சியைத் தொட்டபடி குறுக்கே பிடி. அழுத்தாதே, தொட்டால் போதும். பட்டையிலிருந்து பின்னால் பக்கத் தையல் வரை எத்தனை இஞ்ச் என்று அளந்துகொள். அது வளைவின் உயரம். பிறகு இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை நேர்கோட்டில் அகலம். அகலத்தில் பாதியை அதே பாதியால் பெருக்கு. உயரத்தையும் அதே உயரத்தால் பெருக்கு. இரண்டையும் கூட்டி, உயரத்தைப் போல் இரண்டு மடங்கால் வகு. அதுதான் ஆரம். அகலம் பன்னிரண்டு, உயரம் இரண்டு என்று வைத்துக்கொள். ஆறாறு முப்பத்தாறு, இரண்டிரண்டு நாலு, கூட்டினால் நாற்பது, நாலால் வகுத்தால் பத்து. பத்து இஞ்ச் கயிற்றில் பென்சிலைக் கட்டி அட்டையில் இழு. முதுகுப் பக்கத்துக்குத் தனியாக இதே கணக்கு.

இங்கே இன்னொரு கூத்து. எங்கள் செட்டில் தூங்குமூஞ்சி என்று ஒருவன். தொட்டிக்குள் நின்றுகொண்டு குழாய்க்கு ஓட்டை குறித்தான். வரைபடம் வெளியே இருந்து பார்ப்பது போல் வரைந்திருந்தது. உள்ளே நின்றவனுக்கு வலது எல்லாம் இடது. குழாய் இந்தப் பக்கம் நிற்கிறது, ஓட்டை அந்தப் பக்கம் இருக்கிறது. ஃபோர்மேன் கத்திய கத்தலில் தொட்டி எதிரொலித்தது.

அந்தப் பெண்ணைக் கவனமாக இருக்கச் சொல். தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், துணி உலர்த்த மாடிக்கு ஏற வேண்டாம். நாம் இரண்டு தடவை பட்டோமே, அது போதும், வேறு யாருக்கும் வேண்டாம். யாருக்கும் சொல்லாமல் இருப்பது நல்லதுதான். நாம் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அவள் புருஷன் என்ன ஜென்மம்? இப்படி ஒரு நேரத்தில் வெளியூரில் உட்கார்ந்துகொண்டு என்ன கிழிக்கிறான்? ஆள் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன்.

உன் தொட்டிக்காரன்


ஏப்ரல் 25

பெரிய மனிதருக்கு,

அவள் புருஷனை அப்படி ஒரேயடியாகத் திட்டாதீர்கள். நல்ல மனிதர்தான். கணக்கில் கெட்டி. மற்றதில் கொஞ்சம் மந்தம். அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது. இவள் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்பதற்குள் நானே கேட்டேன். "போகும்போது மனசு ஒடியற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அதுக்காக இல்ல. வயித்துல இருக்கறதுக்காக வந்தார்னா, எனக்காக வந்தாரான்னு காலம் பூரா தெரியாமலே போயிடும்" என்றாள். நியாயம்தானே? நீங்கள் ஆண்பிள்ளை, சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. அகலம் பன்னிரண்டுதான், உயரம் மூன்று. முப்பத்தாறும் ஒன்பதும் நாற்பத்தைந்து, ஆறால் வகுத்தால் ஏழரை. இரண்டு தடவை போட்டேன். வயிறு பெரிதாகிறது, ஆரம் பத்திலிருந்து ஏழரைக்கு இறங்குகிறது! தலைகீழாகச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்களா? உங்கள் எண்ணெய்த் தொட்டியை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பொம்மைக்குப் பஞ்சு கட்டியாகிவிட்டது. தலை இல்லாமல் வயிற்றோடு நிற்கிறது. காலையில் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பாவம், யாரும் இல்லாம தனியா நிக்குது" என்றார். பிறகு அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார்.

நான் குடம் தூக்குவதில்லை. அவளைச் சொல்கிறேன், அவள் தூக்குவதில்லை. அத்தை விடுவதில்லை.

கணக்குக் கொஞ்சம் வர ஆரம்பித்தவள்


மே 12

என் கணக்குப்பிள்ளைக்கு,

ஏழரை சரி. தலைகீழ் எல்லாம் இல்லை. தட்டையான வளைவுக்கு மையம் எங்கேயோ தொலைவில் இருக்கும். கடல் தட்டையாகத் தெரிவது எதனால்? பூமியின் மையம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால். வளைவு நன்றாக வளைய வளைய மையம் கிட்டே வரும், ஆரம் குறையும். அகலம் பன்னிரண்டிலேயே நின்று உயரம் ஆறு ஆனால் ஆரமும் ஆறு, சரியாக அரை வட்டம். அந்தப் பெண் அவ்வளவு தூரம் போக மாட்டாள், பயப்படாதே.

நீ கேட்டதற்குப் பதில். நியாயம்தான். ஆனால் அந்த ஆளைப் பற்றி நான் எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். அவனுக்கு என்ன வலி என்று எனக்கு என்ன தெரியும்? இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் எதிரே உட்கார்ந்தால் நீ மிதிப்பதை நிறுத்துவதும் இல்லை. அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, நான் இருப்பதுதான் உனக்குப் பாரம் என்று தோன்றிவிட்டது. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். லீவுக்கு வந்தபோதும் அதே சத்தம். வாசலில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. வந்திருக்கக் கூடாது.

அந்த ஆளை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. அவனுக்கு அது கூடத் தெரியாது, முட்டாள்.

கம்பெனிக் காகிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

உன்னுடையவன்


ஜூன் 3

உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தாளைக் கசக்கிப் போட்டேன். நான் மிஷினை நிறுத்தாதது, நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்பதால். உங்களை விரட்ட இல்லை. இத்தனை நாள் இது உங்களுக்குத் தெரியாதா? தெரியாதுதான். நான் சொல்லவில்லையே. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பழக்கம் எனக்கு.

சரி, வேலைக்கு வருகிறேன். அகலம் பன்னிரண்டு, உயரம் நாலு. முப்பத்தாறும் பதினாறும் ஐம்பத்திரண்டு, எட்டால் வகுத்தால் ஆறரை. இந்தத் தடவை கவுன் தரை வரைக்கும் வேண்டுமாம். இடுப்பிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தேன். இடது பக்கம் அரை இஞ்ச் கூட வருகிறது. அந்தப் பக்கம் அரை இஞ்ச் சேர்த்து வெட்டட்டுமா? துணி விலை கூடிய துணி, அதனால் கேட்டுக்கொண்டு வெட்டலாம் என்று. இங்கே வெயில், அத்தை எந்நேரமும் விசிறிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

காகிதத்தில் என்ன செய்தாலும் எனக்கு எழுதுங்கள். அவள் கூப்பிட மாட்டாளாம். நானும்தான்.

தையல்காரி


ஜூன் 10

என் தையல்காரிக்கு,

ஆறரை சரி. இடது பக்கம் அரை இஞ்ச் சேர்த்து வெட்டு, தயங்காதே. உனக்கு வலது, அவளுக்கு இடது. நல்ல ஜோடிதான். அவள் எந்தச் சைக்கிளிலிருந்து விழுந்தாளோ.

நாலு தாளைக் கசக்கி ஐந்தாவதில் எழுதியதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். வேர்வையில் எழுத்து கலங்குகிறது, பரவாயில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது.

உன்னுடையவன்


ஜூன் 17

கணக்குப் புலிக்கு,

மோசம் போய்விட்டேன். இடது பக்கம் அரை இஞ்ச் சேர்த்து வெட்டித் தைத்து உடுத்திப் பார்த்தால், இடது பக்கம் தரையில் புரள்கிறது, வலது பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் சரியாக ஒரு இஞ்ச் வித்தியாசம். விலை கூடிய துணி! இத்தனை வருடத்தில் ஒரு வாடிக்கைக்காரிக்கும் பக்கத்தை நான் தப்பாகத் தைத்ததில்லை. எதிரே நிற்பவளின் இடது என் வலது கைப்பக்கம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு எங்கே தப்பு நடந்தது? உங்கள் ஆரத்தில் ஏதாவது கோளாறா?

அழுகையாக வருகிறது. இப்போதெல்லாம் சின்ன விஷயத்துக்கும் வருகிறது.

தையல்காரி


ஜூன் 23

என் அருமைக்கு,

இன்று ஃபோர்மேனிடம் அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏம்பா, சம்பளம் கம்மியா?" என்றார். "இல்ல சார், வீட்டுக்குப் போறேன்" என்றேன். "என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணும் இல்ல. வீட்டுல என் பொண்டாட்டி இருக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நீ கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம். யாருக்காக வருவது என்று உன்னையே பார்த்துக் கேட்ட மடையன் நான். நீ மிஷினை மிதித்துக்கொண்டே இரு, நான் எதிரே உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுக்கிறேன். இனி யாரும் வேண்டாம், நாம் இரண்டு பேர் போதும். அந்த வாடிக்கைக்காரியின் புருஷனுக்கும் இதையே எழுதிப் போடச் சொல்.

ஜூன் 25, தொடர்ச்சி

நேற்றே உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டுவதற்குள் உன் பதினேழாம் தேதிக் கடிதம் வந்தது. இன்று மத்தியானம் தகட்டின் மேல் உட்கார்ந்து அந்த ஒரு இஞ்ச்சைப் பற்றி யோசித்தேன்.

அளவு தப்பியிருந்தால் கால் இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று எப்படி வேண்டுமானாலும் தப்பும். அரை இஞ்ச் சேர்த்த இடத்தில் சரியாக ஒரு இஞ்ச் வித்தியாசம் என்றால் அளவு தப்பவில்லை, பக்கம் தப்பியிருக்கிறது. இடது இல்லை, வலது. தூங்குமூஞ்சி தொட்டிக்குள் நின்று குறித்தானே, அதே தப்பு.

ஆனால் நீ தூங்குமூஞ்சி இல்லை. எதிரே ஆள் நின்றால் உன் வலது கைப்பக்கம் இருப்பது அவளுடைய இடது என்று உன் கையே எழுதிவிடும். அது எப்போது தப்பாகும்? எதிரே நிற்பவளுக்குப் பக்கம் மாறாமல் இருந்தால். கண்ணாடியில் நின்றால். அதில் வலது கைப்பக்கம் தெரிவது வலதுதான்.

வாடிக்கைக்காரியை யாராவது கண்ணாடியில் பார்த்து அளப்பார்களா?

வலது பக்கம் அரை இஞ்ச் கூட. அந்தப் பாவாடை எனக்குத் தெரியும். அந்தச் சைக்கிளை ஓட்டியவன் நான்.

அடிப்பாவி! எத்தனை மாதம்! ஆரம் பத்து, ஏழரை, ஆறரை என்று நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தேனே! அவள் புருஷனை அந்தத் திட்டுத் திட்டினேனே! கையிலிருந்த சாக்பீஸ் நொறுங்கிவிட்டது. தூங்குமூஞ்சி ஓடிவந்து "என்னண்ணே, வெயில் அடிச்சுருச்சா?" என்று தண்ணீரை முகத்தில் ஊற்றினான். நல்லவேளை, முகம் நனைந்திருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மேலே உள்ள முதல் பாதியை இது தெரிவதற்கு முன்னால் எழுதினேன். சத்தியம். மை வேறு நிறம், பார்.

ஜூலை பத்துக்குள் கணக்கு முடித்துக்கொண்டு வருகிறேன். மாடி ஏறாதே.

உன் மந்தமான புருஷன்


ஜூலை 2

என்னங்க,

மையைப் பார்த்தேன். முதல் பாதி நீலம், இரண்டாவது பாதி கறுப்பு. முதல் பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டாவது பாதியை ஒரே ஒரு தடவை. அதில் உள்ளது எனக்கு முன்பே தெரியும்.

ஒளித்தது தப்புதான். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு தடவை நீங்கள் உட்கார்ந்திருந்த விதம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கு வாங்கி வந்த ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திறக்காமல், மூடியையே தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். மூன்றாவது தடவையும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இது தங்கினால் சொல்லலாம், இல்லாவிட்டால் நான் ஒருத்தியே விழுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் தனியாகவும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அளவெடுக்கும் டேப்பின் அந்த முனையை யாராவது பிடிக்க வேண்டாமா? அதனால்தான் வாடிக்கைக்காரி. ஒவ்வொரு தடவையும் "சரி" என்று உங்கள் கையெழுத்தில் வரும்போது, அதுவும் நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன் என்று தோன்றும். டாக்டரம்மா சொன்னதைவிட அதைத்தான் நம்பினேன்.

அத்தைக்கு இரண்டாவது மாதமே தெரியும். "அவனா கண்டுபிடிக்கட்டும், அவனுக்குத்தான் ரொம்பக் கணக்குத் தெரியுமே" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் சிநேகிதர்களிடம் இப்போதே சொல்லிவிட வேண்டாம். ஒன்றும் வாங்கி வர வேண்டாம். ஓடி வர வேண்டாம், நிதானமாக வாருங்கள். அலமாரிக் கதவைச் சரிசெய்ய ஒரு கீல் மட்டும் வாங்கி வாருங்கள். வேண்டாம், அதுவும் வேண்டாம். அந்தக் கண்ணாடி இல்லையென்றால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். திறந்தே கிடக்கட்டும்.

நான் கூப்பிடும் வரை வராதீர்கள் என்று சொன்னேன் அல்லவா? கூப்பிடுகிறேன். வாங்க.

உங்கள் வாடிக்கைக்காரி


ஆகஸ்ட் 27, வார்டுக்குள்ளிருந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம்

ஏங்க,

பெண். நல்லா இருக்கா, நானும் நல்லா இருக்கேன். அழுகைச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா? குரல் என்னோடது, மூக்கு உங்களோடது, பாவம். டாக்டரம்மா வந்து பார்க்கிற வரைக்கும் ஆம்பிளைங்களை உள்ளே விட மாட்டாங்களாம், அதனால ஆயாம்மா கையில இதைக் கொடுத்தனுப்பறேன். ஃபிளாஸ்க் மூடியைத் தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, திறந்து குடிங்க.

நர்ஸ் அவ தலையைச் சுத்தி டேப் வச்சு அளந்தாங்க. முப்பத்துநாலு சென்டிமீட்டர். தொப்பி தைக்கணும். ஆரம் எவ்வளவு? சீக்கிரம் சொல்லுங்க.


அதே சீட்டில், கீழே

முப்பத்துநாலை ஆறு புள்ளி இரண்டு எட்டால வகுக்கணும். மூணு தடவை போட்டேன், மூணு விடை வருது. பக்கத்துல உட்கார்ந்திருந்தவரைக் கேட்டேன், அவர் பேனாவைப் பிடுங்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து அஞ்சு புள்ளி நாலுன்னு சொன்னார். சரியா தப்பான்னு பார்க்க எனக்குக் கண்ணு தெரியலை.

கதவைத் திறக்கச் சொல்லு. நானே வந்து அளந்துக்கறேன்.